தோற்ற கணக்கைத் திருத்தி எழுதியவர்கள்

கேள்வி இதுதான்: "அமெரிக்க எழுத்தாளர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையையே பாதி மாற்றி நாவலாக எழுதும்போது, அதில் குதிரைப் பந்தயமும் சீட்டாட்டமும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? கெட்ட பழக்கத்தை எழுதிவைக்கிறார்கள், அவ்வளவுதானா? எதை முதலில் படிக்கலாம்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இலக்கியப் பேராசிரியர் இல்லை. கணக்குத் தணிக்கையில் முப்பது வருடம் ஓட்டியவன். நாவல் படிப்பது மாலை நேரப் பழக்கம், அதுவும் பென்சில் கையில் இல்லாமல் படிக்க வராது. பேரேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் பக்கத்தைத் தணிக்கைக்காரர் சட்டென்று புரட்டிவிடுவார். எங்கே அடித்துத் திருத்தியிருக்கிறதோ அங்கே நின்றுவிடுவார். தன்வரலாறு கலந்த நாவல்களை நான் படிக்கும் முறையும் அதுதான். எழுத்தாளர் வாழ்ந்தது ஒரு கணக்கு, எழுதியது ஒரு கணக்கு. இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பேன்.

இந்த வேலைக்குச் சூதாட்டம் மிகவும் தோதான விஷயம். காதலில் தோற்றதை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் சரிபார்க்க முடியாது. சூதில் தோற்றதற்குத் தொகை உண்டு, தேதி உண்டு, கடன் கொடுத்தவர் உண்டு. அதனால் எழுத்தாளர் கை வைத்த இடம் பளிச்சென்று தெரியும். கெட்ட பழக்கத்தின் பதிவு என்பது இந்த நாவல்களுக்குப் பாதி விளக்கம்தான். மீதிப் பாதி அந்தத் திருத்தல்களில் இருக்கிறது. நான்கு பேரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மார்க் ட்வைன். அவரைச் சூதாட்ட எழுத்தாளர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 1872இல் வெளிவந்த அவருடைய 'ரஃபிங் இட்' பாதி நினைவும் பாதிக் கற்பனையுமான புத்தகம். 1861இல் நெவாடா பக்கம் போன சாமுவேல் கிளெமன்ஸ் (ட்வைனின் இயற்பெயர்) என்ற இளைஞன் வெள்ளிச் சுரங்கப் பித்துப் பிடித்து அலைந்த கதை அது. அங்கே சுரங்கத்தின் பங்கை அடிக்கணக்கில் பேசுவார்கள். கையில் காலணா இல்லாதவனும் இந்தச் சுரங்கத்தில் இத்தனை அடி, அந்தச் சுரங்கத்தில் அத்தனை அடி என்று சட்டைப்பையில் காகிதம் வைத்திருப்பான். மளிகைக்கடையில் மட்டும் அந்தக் காகிதம் செல்லாது.

அதில் ஓர் இடம். பேர்பெற்ற ஒரு சுரங்கத்தின் குழிக்குள் ஹிக்பி என்ற கூட்டாளி திருட்டுத்தனமாக இறங்கிப் பார்க்கிறான். நிலத்தின் மேல் தலைகாட்டாமல் உள்ளுக்குள்ளேயே ஓடும் தனி வெள்ளி நரம்பு ஒன்று அந்தச் சுரங்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சட்டப்படி அது சுரங்கக் கம்பெனியின் சொத்தில்லை. முதலில் உரிமை கோருகிறவருக்கு உரியது. மூன்று பேர் சேர்ந்து உரிமை பதிவு செய்கிறார்கள். அன்றிரவு ஹிக்பிக்கும் கதைசொல்லிக்கும் தூக்கம் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் எந்த மேட்டில் வீடு கட்டலாம், சாப்பாட்டு அறைக்கு என்ன கண்ணாடி போடலாம், ஐரோப்பாவுக்கு எப்போது போகலாம் என்று இருட்டில் படுத்தபடி பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. பத்து நாளுக்குள் அந்த இடத்தில் ஏதாவது வேலை நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமை போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கதைசொல்லி ஒன்பது மைல் தள்ளி நோயில் கிடக்கும் ஒரு கேப்டனுக்குப் பணிவிடை செய்யப் போய்விடுகிறான்: நீ பார்த்துக்கொள் என்று ஹிக்பிக்குச் சீட்டு எழுதிவைத்துவிட்டு. ஹிக்பி வேறொரு கற்பனைச் சுரங்கத்தைத் தேடிப் போய்விடுகிறான்: நீ பார்த்துக்கொள் என்று இவனுக்குச் சீட்டு எழுதி ஜன்னல் வழியாகக் குடிசைக்குள் போட்டுவிட்டு. மூன்றாமவரும் சொந்த வேலையாக ஊரில் இல்லை. பத்தாம் நாள் நள்ளிரவில் வேறு ஆட்கள் கூட்டமாக வந்து உரிமையை மாற்றிப் பதிந்துவிடுகிறார்கள். ஒரு மண்வெட்டி மண் அள்ளிப் போட்டிருந்தால் போதும், மூன்று பேரில் ஒருவரும் அள்ளவில்லை.

அந்தப் புத்தகத்தையே ஹிக்பிக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார் ட்வைன்: நாம் இருவரும் பத்து நாள் கோடீஸ்வரர்களாக இருந்த அந்த விசித்திரமான காலத்தின் நினைவாக என்று.

இப்போது திருத்தல். இந்தக் கதை நிறையவே ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்பது ட்வைன் ஆய்வாளர்களின் கருத்து. இல்லாத பெருந்தொகையைத் தோற்றதாக எழுதிச் சிரிக்க வைத்தவர், பின்னாளில் உண்மையாகவே பெருந்தொகையைத் தோற்றார். பைஜ் என்பவரின் அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் ஆண்டுக்கணக்காகப் பணத்தைக் கொட்டினார். ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட அந்த இயந்திரம் ஓடும்போது அற்புதமாக ஓடும். ஆனால் அடிக்கடி நின்றுவிடும். போட்டி இயந்திரமான லைனோடைப் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1894இல் ட்வைன் திவாலானார். கடனை அடைக்க அறுபது வயதில் உலகம் முழுவதும் மேடையேறிப் பேசப் புறப்பட்டார். 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கியதும் பிறகு பம்பாய் போனதும் அந்தக் கடனால்தான். இந்த உண்மையான தோல்வியைக் கசப்போடு பேசியிருக்கிறார், ஆனால் ஹிக்பி கதைபோல ஒரு சிரிப்புக் கதையாக்க அவரால் முடியவில்லை. எண் மிகவும் நிஜமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளி நரம்பு போனதால் அந்த இளைஞனுக்கு வேறொன்று கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கம் கைகொடுக்காமல், 1862இல் வர்ஜீனியா சிட்டி பத்திரிகை ஒன்றில் வாரம் 25 டாலர் சம்பளத்துக்கு நிருபராகச் சேர்ந்தான். அடுத்த வருடம் பிப்ரவரியில் அந்தப் பத்திரிகையில்தான் மார்க் ட்வைன் என்ற கையெழுத்து முதன்முதலில் வந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். சூதாட்ட நாவல் என்றாலே எல்லாரும் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி'யிடம் போய் நிற்பார்கள். 1866இல் பதிப்பாளரின் கெடுவுக்குப் பயந்து, ஒரு சுருக்கெழுத்துப் பெண்ணுக்குச் சொல்லச் சொல்ல 26 நாளில் முடித்த நாவல். அந்தப் பெண்ணையே பிறகு மணந்துகொண்டார். பெரிய நாவல், மறுக்கவில்லை. ஆனால் அதில் ரூலெட் மேசைக்கு வருகிறவர்கள் ஆன்மாவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அமெரிக்கர்கள் கொண்டுவந்து வைப்பது சம்பளப் பணத்தை. வேலைக்குப் போகும் நேரம், வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாம் பந்தயத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது, தொழில் தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸ் என்றதும் ஹண்டர் தாம்சன் பெயரைச் சொல்வார்கள்; அவருடைய புத்தகத்தில் போதைப்பொருள்தான் அதிகம், மேசையில் உட்கார்ந்து ஆடுவது குறைவு. ஆகவே அவரை விட்டுவிடுகிறேன்.

அடுத்து மரியோ பூஸோ. 'காட்ஃபாதர்' எழுதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதை ஏன் எழுதினார் என்பதை அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்: வயது 45, உறவினர்கள், கடன் கம்பெனிகள், வங்கிகள், புக்கிகள், கந்துவட்டிக்காரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து 20,000 டாலர் கடன். அதற்கு முன் எழுதிய இரண்டு நாவல்களும் விமர்சகர்களிடம் பாராட்டு வாங்கின, காசு வரவில்லை. 'காட்ஃபாதர்' 1969இல் வந்தது. முன்பணம் 5,000 டாலர். பிறகு மலிவுப் பதிப்பு உரிமை மட்டும் 4,10,000 டாலருக்குப் போனது. தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தம்மா நாற்பதாயிரமா என்று கேட்டாராம். இல்லை, நான்கு லட்சத்துப் பத்தாயிரம் என்று மூன்று முறை திருப்பிச் சொன்ன பிறகு, யாரிடமும் சொல்லாதே என்றாராம். இந்த ஓர் இடத்துக்காகவே பூஸோவை எனக்குப் பிடிக்கும்.

தன் வாழ்க்கைக்குப் பக்கத்தில் நின்று அவர் எழுதிய சூதாட்ட நாவல் 1978இல் வந்த 'ஃபூல்ஸ் டை'. கதைசொல்லி மெர்லின் ஓர் எழுத்தாளன், சூதாடி. பூஸோவைப் போலவே ராணுவ ரிசர்வ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், பிறகு சினிமா உலகத்துக்குப் போகிறான். நாவலாக அது சரிசமமாக வரவில்லை என்பது என் அபிப்பிராயம். ஹாலிவுட் பகுதிகள் இழுவை, பெண் பாத்திரங்கள் பல இடங்களில் சகிக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் வரும் வேகாஸ் பகுதி அபாரம்.

ஜோர்டன் என்று ஒருவன் பக்காரா மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்காரா ஆட்டத்தில் மூளைக்கு வேலை இல்லை. சீட்டு இரண்டு பக்கமாகப் பிரியும், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கட்ட வேண்டும், அவ்வளவுதான். விடுதிக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒரு டாலரை ஒட்டிய தொகை. கேட்டால் தர்மம்போல இருக்கும். ஆனால் கையில் இருக்கும் ஆயிரம் டாலரை ஒருவர் ஒரு மாலையில் பத்து சுற்றுச் சுற்றி வைத்தால் வைத்த தொகை பத்தாயிரம்; அந்த ஒரு சதவீதம் பத்தாயிரத்தின் மேல் விழும். வட்டிக்கு வட்டி போடும் மார்வாடிக் கணக்குப் புரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நாவலில் வரும் விடுதி முதலாளி இந்தச் சதவீதத்தைத்தான் கடவுளாகக் கும்பிடுகிறார். ஆட்டக்காரர்கள் அசந்துவிடாமல் இருக்கக் கூடத்துக்குள் ஆக்சிஜன் ஏற்றுகிறார் என்றும் வரும். காசினோக்களில் ஆக்சிஜன் விடுகிறார்கள் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்களே, அந்தக் கதை பரவியதற்கு இந்த நாவலைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஜோர்டன் ஜெயிக்கிறான். கொஞ்சநஞ்சமில்லை, நான்கு லட்சம் டாலருக்கு மேல். அன்றிரவு அறைக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு சாகிறான்.

இப்போது அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூஸோவுக்கு வாழ்க்கையில் ஒரே வீச்சில் விழுந்த பெருந்தொகையும் நான்கு லட்சம் சொச்சம், ஜோர்டன் ஜெயித்ததும் நான்கு லட்சம் சொச்சம். வேண்டுமென்றே செய்தாரா, கை தானாக அந்த எண்ணுக்குப் போனதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தோற்றுக்கொண்டே இருக்கும் எழுத்தாளன் மெர்லின் நாவல் முழுக்க உயிரோடு நடமாடுகிறான். ஜெயித்தவனுக்குத்தான் சாவு. கடனில் இருந்தபோது பூஸோவுக்கு எழுதக் காரணம் இருந்தது. பணம் வந்த பிறகு அந்தக் காரணம் செத்துவிடுமோ என்ற பயத்தை ஜோர்டன் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. வேறு விதமாக வாசிப்பவர்களும் இருப்பார்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

மூன்றாவது கணக்கு பிரெடரிக் பார்தெல்மி. இங்கே பெயர் அவ்வளவாகத் தெரியாதவர். அவருடைய அண்ணன் டொனால்ட் பார்தெல்மியைச் சிறுகதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரெடரிக்கும் தம்பி ஸ்டீவனும் மிசிசிப்பி மாநிலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், எழுத்துக் கலை சொல்லிக்கொடுப்பவர்கள். நடுத்தர வயதில் சூதுக்குள் விழுந்தார்கள்.

அந்த மாநிலத்தின் விசித்திரத்தைச் சொன்னால்தான் சூழல் புரியும். 1990இல் மிசிசிப்பி காசினோவுக்கு அனுமதி கொடுத்தது, ஆனால் நிலத்தில் கட்டக் கூடாது, தண்ணீரின்மேல்தான் இருக்க வேண்டும் என்றது. தர்மசங்கடமான சட்டம்; பாவம் கரையோடு நின்றுவிடும் என்று நினைத்தார்கள்போல. முதல் காசினோ 1992இல் பிலாக்ஸியில் திறந்தது. கடற்கரையோரம் பெரிய மிதவைகளைக் கட்டிப்போட்டு அதன்மேல் மாளிகை எழுப்பினார்கள். உள்ளே நடப்பவருக்குத் தண்ணீரின்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. 2005இல் காட்ரினா புயல் அந்த மிதவைகளைத் தூக்கிச் சாலையில் வீசிய பிறகுதான் கரையில் கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது.

பேராசிரியர் சகோதரர்கள் இருவரும் பல்கலைக்கழக ஊரிலிருந்து அந்தக் கடற்கரைக்குக் காரில் போய் விடியும்வரை பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடினார்கள். 1995இல் தாய் இறந்தார், அடுத்த வருடம் தந்தை இறந்தார். தந்தை பெயர்பெற்ற கட்டிடக் கலைஞர், சொத்து வந்தது. அந்தச் சொத்து மேசைக்குப் போனது. மொத்த இழப்பு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் என்று அவர்களே 1999இல் எழுதிய 'டபுள் டவுன்' நினைவுக்குறிப்பில் கணக்குச் சொல்கிறார்கள். போதாததற்கு, சீட்டுப் போடும் டீலருடன் சேர்ந்து மோசடி செய்ததாக வழக்கும் வந்தது. இருவரும் மறுத்தார்கள், பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இவ்வளவு தோற்றவர்கள் மீது ஏமாற்றி ஜெயித்ததாகக் குற்றச்சாட்டு என்பதை எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்யமாட்டார்.

சூது என்றாலே நம்மவர்கள் தூண்டில் பொன்னை விழுங்கிய மீனைச் சொல்வார்கள். எனக்கு அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்தான் பெரிதாகத் தோன்றுகிறது. இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் கூடும் என்பதைச் சொல்லிவிட்டு வள்ளுவர் அதோடு நிறுத்தவில்லை. துன்பப்படத் துன்பப்பட உயிர்மேல் காதல் கூடுவதை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார். பெற்றோரைப் பறிகொடுத்த இரண்டு பேராசிரியர்கள் பெற்றோர் பணத்தை மேசையில் இழந்துகொண்டிருக்கும் காட்சிக்கு இதைவிட நெருக்கமாக ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

நினைவுக்குறிப்புக்கு முன்பே, 1997இல், பிரெடரிக் இதை நாவலாக எழுதிவிட்டார்: 'பாப் த கேம்ப்ளர்'. ரே கைசர் பிலாக்ஸியில் வேலை மந்தமான ஒரு கட்டிடக் கலைஞன். அதாவது தன் அப்பாவின் தொழிலை நாயகனுக்குக் கொடுத்துவிட்டார். மனைவி ஜூவல், அவளுடைய பதின்வயது மகள், ஒரு நாய். ரே ஆடுகிறான், தோற்கிறான், மேலும் தோற்கிறான். தந்தை இறந்துபோகிறார். கடைசியில் வீடு போகிறது. கேட்கும்போது சோகக் கதை. படிக்கும்போது அப்படி இல்லை. வீடு போன பிறகு குடும்பம் கலையவில்லை, ஒருவரை ஒருவர் குதறிக்கொள்ளவில்லை, பாரம் குறைந்ததுபோல இருக்கிறார்கள். அந்த லேசான தொனியால் சில வாசகர்களுக்கு எரிச்சல் வரும். இவ்வளவு தோற்றவனுக்குத் தண்டனை இல்லையா என்று கேட்பார்கள்.

என் பென்சில் நின்ற இடம் வேறு. வீடு போன பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்? ரேயின் அம்மா வீட்டுக்கு. வாழ்க்கையில் இரண்டு பெற்றோரும் போய்விட்டார்கள், தாய்தான் முதலில் போனார். நாவலில் தந்தையை மட்டும் சாகவிட்டு, தாயை உயிரோடு வைத்து, தோற்று வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட ஏற்பாடு செய்திருக்கிறார். இரண்டரை லட்சம் டாலரை எந்த நாவலாலும் திருப்பிக்கொடுக்க முடியாது. அதனால் அவர் அந்தத் தொகையில் கை வைக்கவில்லை. வேறொரு பதிவைத்தான் அடித்து எழுதினார்.

கடைசியாக சார்லஸ் புகோவ்ஸ்கி. மற்ற மூவரைவிட இவரிடம்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். ஜெர்மனியில் 1920இல் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர், 1994இல் இறந்தார். தன் வாழ்க்கையை ஹென்றி சினாஸ்கி என்ற பாத்திரத்தின் பெயரில் நாவல் நாவலாக எழுதினார். குடி, வேலை, பெண்கள், குதிரை. முதல் மூன்றையும் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. நான் குதிரையோடு நின்றுகொள்கிறேன்.

முதலில் பந்தயத்தின் இயக்கம். கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா, 2013இல் மூடப்பட்ட ஹாலிவுட் பார்க் போன்ற மைதானங்களில், கிண்டியில் 'டோட்' என்று சொல்வார்களே, அதே முறைதான். எல்லாரும் கட்டிய பணம் ஒரு குவியலாகச் சேரும். அதிலிருந்து மைதானமும் அரசாங்கமும் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியை ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதாவது அங்கே நீங்கள் மைதானத்தோடு மோதுவதில்லை, பக்கத்தில் நிற்கும் கூட்டத்தோடு மோதுகிறீர்கள். கூட்டம் எந்தக் குதிரையை அளவுக்கு மீறி நேசிக்கிறதோ அதை விட்டுவிட்டு, கூட்டம் கவனிக்காத குதிரையைப் பிடிக்க வேண்டும். எந்தக் குதிரை ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று பலகையில் காட்டும் எண்கள் ஒவ்வொரு நிமிடமும் மாறும். கடைசி மாற்றத்துக்காகக் காத்திருந்து, ஜன்னல் மூடும் முன் ஓடிப்போய் டிக்கெட் வாங்குவதுதான் சினாஸ்கியின் கலை. ஊரே ஒரு பக்கம் போகும்போது இவன் மறுபக்கம் போக வேண்டும். இப்படி ஓர் ஆட்டம் இவருக்கு ஏன் ஒத்துப்போனது என்று விளக்கத் தேவையில்லை. இது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 1996இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் திறமை என்று தீர்ப்புச் சொன்னது. சினாஸ்கி கேட்டிருந்தால் அன்றைக்கு இரண்டு பாட்டில் கூடுதலாகத் திறந்திருப்பான்.

1975இல் வந்த 'ஃபாக்டோட்டம்' நாவலில் ஒரு கிடங்கு வரும். சினாஸ்கியும் மேனி என்ற சக ஊழியனும் வேலை முடிந்த கையோடு காரில் பறந்து கடைசிப் பந்தயத்தைப் பிடிப்பார்கள். இவர்கள் தினமும் போவதைப் பார்த்து மற்ற ஊழியர்கள், எங்களுக்கும் கட்டிவிடு என்று பணம் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பணத்தைச் சினாஸ்கி கட்டுவதே இல்லை, பையில் போட்டுக்கொள்கிறான். அவர்கள் தேர்ந்தெடுக்கும் குதிரைகள் எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை என்பது அவன் வாதம். எங்கள் தொழிலில் இதற்குக் கையாடல் என்று பெயர். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், கிடங்கில் கூலிக்கு நிற்கும் அந்த ஆள் அந்தச் சில வாரங்களுக்கு ஒரு மைதானத்தின் முதலாளியாகிவிடுகிறான். குதிரை இல்லை, ஜாக்கி இல்லை, வேலி இல்லை, வரவு மட்டும் இருக்கிறது. சூதில் ஜெயிக்க ஒரே வழி சூதாட்டக் கடை நடத்துவதுதான் என்பதைப் பொருளாதாரப் புத்தகங்கள் இவ்வளவு சிரிக்க வைத்துச் சொன்னதில்லை.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 1971இல், வந்தது முதல் நாவல் 'போஸ்ட் ஆபீஸ்'. புகோவ்ஸ்கி தபால் துறையில் முதலில் கடிதம் கொண்டுபோகிறவராகச் சில வருடம், பிறகு 1958 முதல் கடிதம் பிரிக்கும் குமாஸ்தாவாகப் பதினோரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். நாவலிலும் அதே. தட்டு தட்டாகக் கடிதங்களைக் குறித்த நிமிடத்துக்குள் பிரித்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். நடுவில் ஒரு கட்டத்தில் சினாஸ்கிக்குக் குதிரைக் கை கூடிவருகிறது. ஒன்றரை மாதத்தில் மூவாயிரம் டாலர். கடலோரத்தில் ஒரு சின்ன வீடு என்று கனவு வருகிறது. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மைதானம் சுற்றுகிறான். பிறகு என்ன, கடிதத் தட்டுகளுக்கு முன்னால் திரும்பி வந்து உட்கார்கிறான். ஒரே நாவலில் நிமிடக் கணக்கில் கூலியும் நிமிடக் கணக்கில் குதிரையும். கடிதம் பிரிப்பதில் எவ்வளவு வேகம் காட்டினாலும் கூலி மாறாது. குதிரையில் கணிப்பு சரியாக இருந்தால் தொகை மாறும். மாறும் என்ற அந்த வாய்ப்புக்குத்தான் அவன் மைதானத்துக்குப் போகிறான்.

நாவலின் முடிவில் சினாஸ்கி வேலையை விடுகிறான். நாள்கணக்கில் குடிக்கிறான். ஒரு காலையில் எழுந்து, நாவல் எழுதலாமே என்று நினைக்கிறான், எழுதிவிடுகிறான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. கையில் ஒன்றுமில்லாமல் குதித்தான் என்று வாசகர் புரிந்துகொள்வார். நானும் முதல் முறை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

வாழ்க்கையில் நடந்தது வேறு. அப்போது அலுவலகப் பொருள்கள் விற்கும் கம்பெனியில் மேலாளராக இருந்த ஜான் மார்ட்டின் 'பிளாக் ஸ்பாரோ பிரஸ்' என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுது, ஆயுள் முழுக்க மாதம் நூறு டாலர் தருகிறேன் என்று புகோவ்ஸ்கியிடம் சொன்னார். வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, மதுவுக்கு எவ்வளவு என்று இருவரும் கூட்டிப் பார்த்து வந்த தொகை அந்த நூறு. கிட்டத்தட்ட ஐம்பது வயதில் புகோவ்ஸ்கி தபால் துறையை விட்டது அந்தக் கூட்டல் கணக்கை நம்பித்தான். விட்ட சில வாரங்களில் 'போஸ்ட் ஆபீஸ்' எழுதி முடித்துவிட்டார். பென்ஷனை விட்டுவிட்டு மாதம் நூறு டாலருக்குப் போவது துணிச்சல் இல்லையா என்றால், துணிச்சல்தான். மார்ட்டின் பக்கமும் துணிச்சல்தான். குதிரைபோல அவர் ஒரு மனிதர்மேல் கட்டினார், அதுவும் கூட்டம் கவனிக்காத குதிரை.

ஆனால் நாவலில் அந்த நூறு டாலர் இல்லை. வரவுப் பக்கத்தில் இருந்த ஒரே உறுதியான தொகையை அடித்துவிட்டு, வெறும் செலவுப் பக்கத்தோடு கணக்கை முடித்திருக்கிறார். குடித்ததையும் தோற்றதையும் கையாடியதையும் கூசாமல் எழுதிய மனிதர், ஒருவர் தன்னை நம்பி மாதச் சம்பளம் கொடுத்ததை எழுதவில்லை. இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. சினாஸ்கி சூதாடி, சூதாடிக்குப் பின்னால் பாதுகாப்பு வலை இருப்பதாகக் காட்டினால் கதை படுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நாவலை மூடிவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுபட்ட நூறுதான் ஞாபகம் வருகிறது.

பிற்காலத்தில் பணம் வந்தது, நல்ல வீடு வந்தது. எழுபது தாண்டிய பிறகு எழுதிய நாட்குறிப்புகள் அவர் இறந்த பின் 1998இல் புத்தகமாக வந்தன. பகலில் மைதானம், இரவில் கம்ப்யூட்டர் முன் எழுத்து, இதுதான் அந்த நாட்களின் ஒழுங்கு. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். திட்டிவிட்டு மறுநாளும் போகிறார்.

எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டீர்கள். ட்வைனின் ஹிக்பி அத்தியாயங்கள் நாற்பதும் நாற்பத்தொன்றும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் தொடங்கலாம். பூஸோவில் வேகாஸ் பகுதி போதும். பார்தெல்மிக்கு நாவலைப் படித்த பிறகுதான் நினைவுக்குறிப்பு, மாற்றிப் படித்தால் அம்மா வீட்டுக் கதவு திறப்பது ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் 'ஃபாக்டோட்டம்' படியுங்கள், சின்னப் புத்தகம்தான். கிடங்கு அத்தியாயம் வந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டு, அந்த ஊழியர்கள் கொடுத்த பணம் யார் பற்றில், யார் வரவில் என்று எழுதிப் பாருங்கள். நான் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், இரண்டு முறையும் ஐந்தொகை டாலி ஆகவில்லை.